பாய் கேட்ட ஆல்பம்

பாய் முதன்முதலில் காங்கா மேளத்தைத் தட்டியபோது அதன் தோலிலிருந்து மைதா மாவு பறந்தது. குன்னூர் கடைவீதியில் அவருக்கு வர்க்கி சுடும் பேக்கரி இருந்தது. பின்னால் இருந்த மாவு மூட்டைக் கிடங்கில்தான் நாங்கள் வாசித்துப் பழகினோம். எஸ்டேட் கிளப் ஒன்றை மூடியபோது வெளியே போட்ட சாமான்களோடு அந்த இரண்டு உயரமான மேளங்களும் வந்திருந்தன. எங்களில் யாருக்கும் அவற்றை வாசிக்கத் தெரியவில்லை. பிசைந்த கையைக்கூடக் கழுவாமல் வந்து சற்று நேரம் நின்று கேட்டவர், "இப்பிடித்தானே வேணும்?" என்று தட்டினார். கிடாரிஸ்ட் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான். அன்றிலிருந்து பாய் எங்கள் குழுவில் ஒருவர்.

நாங்கள் வாசித்தது லத்தீன் ஃபங்க். கிடாரிஸ்டின் அண்ணன் கப்பல் வேலையிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளில் அதைக் கேட்டு மயங்கிப்போனோம். கால் சும்மா இருக்கவிடாத இசை; குளிருக்கு நல்லது என்பார் பாய். எந்தக் கம்பெனியும் எங்களைத் தேடி வரவில்லை. நாங்களே பதிவு செய்து, நாங்களே அட்டை ஒட்டி, நாங்களே சுமந்துபோய் விற்றோம். ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண். கீபோர்டு வாசித்தேன். அருவங்காட்டுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால், பாட்டு பாதியில் இருந்தாலும் பாய் என்னை எழுப்பிவிடுவார். "தங்கச்சி, கெளம்பு. பாட்டு எங்கயும் போயிடாது."

ஐந்தாவது ஆல்பத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கடைசிக் கட்டச் சரிபார்ப்பு என் பொறுப்பில் இருந்தது. ஒரு பாட்டில் பாயின் தாளம் நடுவில் கொஞ்சம் மெதுவாகிறது என்று கோயம்புத்தூர் ஸ்டுடியோவில் சொன்னார்கள். அவரைக் கூப்பிட்டு மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கலாம். நான் அதை எடுத்துவிட்டு இயந்திரத் தாளத்தை வைத்தேன். அட்டையில் அவர் பெயர் அப்படியே இருந்தது. கேட்பவர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆல்பம் வந்த பிறகு, பேக்கரியில் வேலை அதிகம் என்று பாய் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வர்க்கி வந்துகொண்டிருந்தது. அவருக்கு விஷயம் தெரியாது, தெரிந்திருந்தால் அனுப்புவாரா என்று நினைத்துக்கொண்டு சூடாகத் தின்றேன். நன்றி சொல்லக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு பொட்டலம் வரவில்லை. பேக்கரியைக் கைமாற்றிவிட்டு கூடலூர் பக்கம் தேவர்சோலையில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. இப்போது எட்டாவது ஆல்பம் வந்திருக்கிறது. கிடாரிஸ்ட் பெங்களூரில், பேஸ் வாசிப்பவர் துபாயில், டிரம்ஸ் கோயம்புத்தூரில், டிரம்பெட் குவைத்தில். மலையில் மிச்சம் நான் மட்டும். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் வாசித்து அனுப்பியதைச் சேர்த்துப் பாட்டாக்கினோம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நால்வரின் வாசிப்புக்கு நடுவே, ஜன்னலுக்கு வெளியே மஞ்சு ஏறுவதைப் பார்த்தபடி என் பங்கை வாசித்தேன். முடித்து ஹெட்போனைக் கழற்றியதும் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும் இருந்தது. ஆல்பம் வெளியான வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் வாழ்த்து அனுப்பினார்கள். பதில் அனுப்பிவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு, பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பாயைப் பார்க்க ஊட்டி போய் கூடலூர் பஸ் ஏறினேன்.

பாய் மெலிந்திருந்தார். "வாம்மா தங்கச்சி," என்றார், போன வாரம்தான் பார்த்தவர் போல. மகள் டீ வைக்க உள்ளே போனாள். உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன்.

"பாய், அந்த அஞ்சாவது ஆல்பத்துல ஒரு பாட்டுல நீங்க வாசிச்சத நான் எடுத்துட்டனுங்க. உங்ககிட்ட கேக்கல. சொல்லவும் இல்ல."

"தெரியும்மா. மொத தடவ கேட்டப்பவே தெரியும். என் கைய எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா வர்க்கி அனுப்புனீங்க?"

அவர் வெளியே தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி சொன்னார். "வாங்கித் தின்னா நீ ஒரு நாள் வருவேன்னு நெனச்சேன். வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடுத்த வாரமே கெடங்குக்கு வந்திருப்பேன். நீ வரல."

வருடம் முழுக்க வந்த பொட்டலங்கள். ஒவ்வொன்றும் ஒரு அழைப்பு. நான் அதைப் பலகாரம் என்று நினைத்துவிட்டேன். மன்னிப்பு கேட்டேன். தலையை மட்டும் அசைத்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கும் உரிமை இல்லை.

டீ வந்தது. புதுப் பாட்டைப் போடச் சொன்னார். ஒரு காது கேட்காது என்று மகள் சொன்னதால், போனை அவருடைய இடது காதருகே பிடித்துக்கொண்டேன். மூன்று பாட்டுகளைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கையமர்த்தினார்.

"நல்லாருக்கும்மா. தப்பே இல்ல. ஆனா ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சியப் பாத்துக்காம வாசிச்ச மாதிரி இருக்கு. எல்லாரும் சண்டையா?"

சண்டையெல்லாம் இல்லை, ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம் என்றேன். "அப்பிடியா," என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்து, பஸ் தெரியும்வரை நின்றார்.

திரும்பும் பஸ் நடுவட்டம் ஏறும்போது கிடாரிஸ்ட் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். நான் போவதை அவனிடம் சொல்லியிருந்தேன். பாய் என்ன சொன்னார் என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றார் என்று மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். இந்த முறை, மூஞ்சியைப் பார்க்காமல் வாசித்த மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் அவன் வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது.

"எனக்கு மட்டும்தான் அப்படி இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றான்.