எழுபது கிலோ தூக்கத் தெம்புள்ள ஆள்

குரங்கணி மலைப்பாதையில் ஓட்டிப்போன ஜீப்பு கவிழ்ந்ததில் என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. எட்டு மாதமாக நான்தான் அவரைத் தூக்கி இறக்கினேன். என் முதுகும் விட்டுப்போனதால் உதவிக்கு ஆள் வைக்க முடிவு செய்தேன்.

போடியில் ஏலக்காய் குடோன்களில் மூட்டை தூக்க லோடுமேன் கேட்டு நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, அதைப் பார்த்துத்தான் விளம்பரம் எழுதினேன்: "எழுபது கிலோ தூக்கத் தெம்புள்ள ஆள் தேவை." அவரிடம் கேட்காமலே ஜீப்பு ஸ்டாண்டில் ஒட்டிவிட்டு வந்தேன்.

மத்தியானமே அவருடைய டிரைவர் சிநேகிதர் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். "எல்லாரும் நின்னு படிக்கிறாய்ங்கண்ணே."

அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நான் என்ன ஏலக்கா மூட்டையாடி?"

தாளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"பேனா கொண்டா" என்றார். தாளின் பின்பக்கம் மெதுவாக எழுதி நீட்டினார்.

"எனக்கு உதவிக்கு ஆள் வேண்டும். தூக்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்."

இப்போது வேலைக்கு வருகிறவர் ஒவ்வொரு தடவையும், "அண்ணே, தூக்கவா?" என்று கேட்கிறார். அந்த எட்டு மாதத்தில் நான் ஒருநாள்கூட அப்படிக் கேட்டதில்லை.