சங்கரம்மாளுக்கு ஆகாத தேனீ

குற்றாலத்து மலையடிவாரத் தோப்பில் சங்கரபாண்டி தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். தேனீ அவரைக் கொட்டாத நாளே கிடையாது. கொடுக்கை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார். மனைவி சங்கரம்மாளை எப்போதாவதுதான் கொட்டும். போன வருஷம் ஒரு தடவை கை வீங்கியது. சுண்ணாம்பு தடவியதோடு சரி.

1986 ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த காலையில், சங்கரம்மாளின் கழுத்தில் ஒரு தேனீ கொட்டியது. உள்ளங்கை அரித்தது, உதடு தடித்தது. பிறகு தென்னைகள் மெல்ல விலகிப் போயின. வலியுமில்லை, பயமுமில்லை. தண்ணீருக்கடியில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்ப்பதுபோல் ஒரு வெளிச்சம்.

"ஏட்டி, கண்ண மூடாதட்டி!"

கணவரின் குரல் அக்கரையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

சீசனுக்கு வந்திருந்த யாரோ ஒருவர் தன் காரில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் மெஹர் பானு போட்ட ஊசியில் மூச்சு திரும்பியது. அடுத்த ஊசி தூக்கத்தில் மிதக்கவிட்டது. அந்த மிதப்பில் பேச்சுகள் காதில் விழுந்தன.

"என்னைய தினம் கொட்டுதே டாக்டரம்மா, எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அடிக்கடி கொட்டுனா பல பேருக்கு உடம்பு பழகிரும் அண்ணாச்சி. எப்பவாவது கொட்டு வாங்குதவங்களுக்குத்தான் ஆபத்து. ரத்தத்துல ஒரு வகை வெள்ளை அணு, விஷத்தைப் பிடிச்சுத் துண்டாக்கி இன்னொரு வகைகிட்டக் காட்டும். அது சம்மதிச்சு உத்தரவு குடுத்தாத்தான் இது அலர்ஜிக்கான எதிர்ப்பொருளைச் செய்யும். போன வருஷமே அந்தப் பேச்சு முடிஞ்சிட்டு. எதிர்ப்பொருள் தோல்லயும் மூச்சுக்குழல்லயும் இருக்க வேற அணுக்கள் மேல ஒட்டிக் காத்துக் கெடந்திருக்கு. இன்னைக்கு விஷம் பட்டதும் அதெல்லாம் ஒண்ணா வெடிச்சிட்டு."

"எனக்குத் தெரியாமலா பேசி முடிச்சுதுக?" என்று முனகினாள் சங்கரம்மாள். தான் சோறு வடித்த நேரத்தில், தூங்கிய நேரத்தில், தனக்குள்ளேயே யாரோ கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். கோபம் வரவில்லை, விசித்திரமாக இருந்தது.

வீடு திரும்பியதும் சங்கரபாண்டி, "பெட்டிய எல்லாம் யாருக்காவது குடுத்திருதேன்" என்றார்.

"தேனீய விட்டுட்டு நீங்க என்ன செய்விய? தள்ளி இருக்க ஆய்க்குடித் தோப்புக்குக் கொண்டு போங்க. தேனீயோ விஷமோ ஒட்டி வராம, அங்கனயே குளிச்சு, உடுப்ப மாத்திட்டு வாங்க."

தேனீக்கள் அடைந்த அந்தியில் மாட்டுவண்டி கிளம்பியது. சங்கரம்மாள் வாசற்படியிலேயே நின்றாள். பெட்டிகளுக்குள்ளிருந்து வந்த ரீங்காரம் சாரலில் கரைந்து, வாய்க்கால் பாலத்துக்கு அப்பால் இல்லாமலாயிற்று.