கை எவ்வளவு தூரம் மேலே போகிறது

காலை பத்து மணிக்கு, தபால்காரர் வருகிற நேரம் பார்த்து, நான் கூடத்துக் கார்ப்பெட்டில் நாலு காலில் நிற்கிறேன். முதுகைப் பூனை மாதிரி மேலே வளைத்து மூச்சை விட வேண்டும். பிறகு மெல்லக் குழிய விட வேண்டும். பத்து தடவை. வாசல் கதவில் பாதி கண்ணாடி என்பதால் தபால்காரர் என்னை அந்தக் கோலத்திலேயே பார்க்கிறார். கையைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார், சிரிப்பதில்லை. ஐம்பது தாண்டிய ஆம்பளை நாலு காலில் நிற்பதைப் பார்த்துச் சிரிக்காத ஊரை எப்படி நம்புவது? எங்கள் வடக்குப்பட்டாக இருந்தால் இந்நேரம் தெருவே வந்து எட்டிப் பார்த்திருக்கும்.

அயர்லாந்துக்கு நான் என் தகுதியில் வரவில்லை. என் மனைவி ஜெசிந்தா நர்ஸ். அவளுக்கு விசா கிடைத்தது, நான் கூடவே வந்தேன். லிமரிக் ஊருக்கு வெளியே ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு சலவை ஆலையில் எனக்கு வேலை. மெஷினிலிருந்து வரும் ஈரப் படுக்கை விரிப்புகளைக் குனிந்து அள்ளி, தோளுக்கு மேலே இருக்கும் தொட்டியில் போட வேண்டும். நான் இல்லாமலும் எங்கள் வீடு ஓடும். அதனாலேயே இந்த வேலை போய்விடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். போன வருஷக் கடைசியில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே பலகை வைத்துத் தைத்தாற்போல் இறுகிப்போனது. கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் யார் பார்த்துச் சொன்னார்களோ, கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பாருங்கள், செலவு எங்களுடையது.

என் முதுகைப் பற்றி ஒரு கம்பெனிக்கு என்ன கவலை? கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண், பெயர் ஈஃபா. எழுதியிருப்பது ஒரு மாதிரி, கூப்பிடுவது வேறு மாதிரி. அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. சுவரோரம் நிற்கவைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே எவ்வளவு போகுமோ அவ்வளவு தூக்கச் சொன்னாள். கையில் பேப்பரும் பேனாவும் வைத்திருந்தாள். பேனாவைப் பார்த்ததும் என் கை விறுவிறுவென்று மேலே போய்விட்டது, காதைத் தாண்டி. "வலிக்கிறதா?" "நோ பெயின். நோ பிராப்ளம்." அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். நான் தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

வலியை மறைத்துக் கையைத் தூக்கும் அந்த வித்தையை நான் கற்றது தொண்ணூற்றொன்றில். ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் டிரெய்னியாக இருந்தேன். ஒரகடம் கூட்டுரோடு அப்போது பஸ்ஸுக்கு நிற்பவர்களும் இரண்டு டீக்கடையுமாக இருந்தது. அதைத் தாண்டி சைக்கிளில் போவேன். எட்டு மணி நேரம் குனிந்தபடி தகட்டை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து. ஒரு நாள் திடீரென்று, ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரும் யார்டில் வரிசையாக நிற்க வேண்டும் என்று ஆர்டர். வெள்ளை ஷூ போட்ட ஒருத்தர் வந்து கையைத் தூக்கு, வலது பக்கம் திரும்பு, இடது பக்கம் திரும்பு என்றார். உங்கள் ஆரோக்கியத்துக்காக என்றார்கள். அதுவரை குடிதண்ணீர்ப் பானைக்கு மூடிகூடப் போடாதவர்கள். ஓரத்தில் சூப்பர்வைசர் ஒரு அட்டையில் பேப்பரைச் செருகிக்கொண்டு ஒவ்வொருவரின் கையாகப் பார்த்தபடி நடந்தார்.

என் இடது பக்கம் நிற்பவன் ஏழுமலை. மணிமங்கலத்துக்காரன், என் வயசு. என் சாப்பாட்டில் பாதி அவனுடையது, அவன் சாப்பாட்டில் பாதி என்னுடையது. அவன் கை காதுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடும்.

"இன்னாடா, அதுக்கு மேல போவலயா?"

"முதுவு இஸ்துகினு கீதுடா. குனிஞ்சா நிமிர முடியல, நிமிந்தா குனிய முடியல."

"சார்கிட்ட சொல்லேன்."

"சொன்னா தூக்கிட மாட்டானுங்களா? பர்மனென்ட் லிஸ்ட் வேற போடப் போறாங்கோ."

"அட, இன்னாத்துக்குடா இந்த எக்சர்சைஸ் வெச்சிகிறாங்கோ? நம்ம ஒடம்பப் பாக்கத்தானே? வலி கீதுன்னு சொன்னா வேற லைனுக்கு மாத்துவாங்கோ. தைரியமா சொல்லு."

அவன் சொன்னான். நான் பக்கத்திலேயே நின்றேன். சூப்பர்வைசர் ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டி, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கினு வாப்பா, கார்ட குடுத்துட்டுப் போ" என்றார். ஏழுமலை கேட் கார்டைக் கழற்றிக் கொடுத்தான். என்னைப் பார்த்து, பார்த்தியா நீ சொன்னது சரிதான் என்பது போலச் சிரித்தான். அந்தக் கார்டு அவனுக்குத் திரும்ப வரவே இல்லை. இரண்டு வாரம் கழித்து கேட்டில் வந்து நின்றதாகச் சொன்னார்கள். நான் உள்ளே இருந்தேன். பர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் வந்தது. மணிமங்கலம் எங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். நான் போகவில்லை. சூப்பர்வைசர் அட்டையில் செருகியிருந்த பேப்பரில் என்ன எழுதியிருந்தது, அவனை நிறுத்தியதற்கு உண்மையிலேயே அதுதான் காரணமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் அந்த வித்தை. மேல்முதுகு இறுகியிருந்தாலும் இடுப்பை உள்ளே வளைத்து நெஞ்சை முன்னால் தள்ளினால் கை தானாகக் காதைத் தாண்டும். முன்னாலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வரிசையில் பத்துப் பேருக்காவது நான் சொல்லிக் கொடுத்திருப்பேன். அதோடு என் கணக்கு நேராகிவிட்டது என்று என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன்.

லிமரிக்கில் அந்த வித்தை என்னையே மாட்டிவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை என்று ஈஃபா எழுதியதால் திரும்பவும் அதே ஈரத்துணி. மூன்றாம் வாரம் சட்டையைக் கழற்ற முடியாமல் கையை அரைகுறையாகத் தூக்கியபடி நின்றேன். ஜெசிந்தா வந்து கழற்றிவிட்டாள். நடந்ததைச் சொன்னதும் கத்தினாள்.

"தெரபிஸ்டாண்ட போயி நடிச்சிட்டு வந்துகிறீங்களா? நான் தெனம் பேஷன்ட்ட பாக்குறேன், இப்பிடி ஒரு ஆள பாத்ததில்லங்க!"

அவளே போன் போட்டு இரண்டாம் தடவை என்னை அனுப்பிவைத்தாள். இந்த முறை ஈஃபா என்னை முதுகு சாயாத ஸ்டூலில் உட்காரவைத்தாள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை இடுக்கி, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, இடுப்பு அசையாமல் திரும்பு என்றாள். உடம்பு ஒரு சாண்கூடத் திரும்பவில்லை. ஏமாற்ற வழியே இல்லை.

"எங்கே வலிக்கிறது?"

"என்னால் வேலை செய்ய முடியும்."

"நான் வேலையைப் பற்றிக் கேட்கவில்லையே" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. உடைந்த இங்கிலீஷில் ஏழுமலையைப் பற்றிச் சொன்னேன். அவள் பாதிதான் புரிந்துகொண்டிருப்பாள். "உங்கள் தம்பிக்கு இப்போது முதுகு சரியாகிவிட்டதா?" என்று கேட்டாள். தம்பி இல்லை என்று திருத்தத் தோன்றவில்லை. தெரியாது என்றேன். பிறகு அவள் இரண்டு விரலை என் முதுகில் வைத்து, எது வலி, எது இறுக்கம், எது வெறும் பயம் என்று ஒவ்வொரு எலும்பாகக் கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்ட பதில்கள்.

பத்து நாளில் கம்பெனியிலிருந்து கடிதம். தபால்காரர் கதவு வழியாகப் போட்டபோது நான் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். முழங்கால் இரண்டையும் மடக்கிச் சுவர்ப்பக்கம் வைத்து, மேல்கையை மட்டும் மறுபக்கம் புரட்டி விரிக்கிற பயிற்சி. எழுந்திருக்கப் பயந்து அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். துணி மடிக்கும் பகுதிக்கு மாற்றியிருக்கிறோம், சம்பளத்தில் மாற்றமில்லை என்று எழுதியிருந்தது. உள்குத்து எங்கே என்று மூன்று தடவை தேடினேன். ஜெசிந்தாவும் சாயங்காலம் படித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லங்க, நல்லதுதான் எழுதிகிறாங்க" என்றாள். எனக்கு நிம்மதி வரவில்லை. வலி இருக்கிறது என்று சொன்னால் வேறு லைனுக்கு மாற்றுவார்கள் என்று நான் அன்று ஏழுமலையிடம் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது நடந்தது இங்கே, எனக்கு.

இப்போது மடிக்கும் பகுதியில் நிற்கிறேன். முதுகு பரவாயில்லை, உடம்பைத் திருப்பாமலே கழுத்து திரும்புகிறது. துணியை மேல்தட்டில் வைக்கக் கையைத் தூக்கும்போது யாராவது பேப்பரோடு அந்தப் பக்கம் நடந்தால், என்னைக் கேட்காமலே இடுப்பு உள்ளே வளைந்துகொள்கிறது. உடனே தலை இடது பக்கம் திரும்புகிறது, பக்கத்துக் கை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க. அங்கே ஒரு போலந்துக்காரப் பெண் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். நான் பார்ப்பதைக் கண்டு, என்ன வேண்டும் என்று புருவத்தைத் தூக்குகிறாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டுகிறேன்.