சும்மா விசாரிச்சேன்

எனக்கு இன்று சோறு போடுவது என் சந்தேகப் புத்திதான். இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில், விபத்து நடந்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பவர்களின் காகிதங்களை நம்பாமல் படிப்பது என் வேலை. இந்தப் புத்தி படித்து வந்ததல்ல. பத்து வயதிலேயே நன்றாக முற்றியிருந்தது. அந்த வயதில் நான் ஒரு வழக்கைத் துப்பறிந்து ஜெயித்தேன். ஜெயித்த கதையை யாரிடமும் சொல்லாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தேன் என்பதிலிருந்தே அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் எங்கள் மீன் குழம்புச் சாப்பாட்டுக் கடை இருந்தது. கீழே ஆறு மேஜை, மாடியில் வீடு. அப்பா விடியற்காலையில் பட்டினப்பாக்கம் போய் மீன் வாங்கி வருவார். அம்மா சமைப்பாள். சித்தப்பா பரிமாறுவார், அதைவிட அதிகமாகப் பேசுவார். நண்டு வந்த நாளில் பெரிய கொடுக்கை யாருக்கும் வைக்காமல் எனக்காக ஒளித்து வைப்பவர் அவர்தான். மதியம் மூன்றரைக்கு ஷட்டர் பாதி இறங்கினால் மாலை ஆறரைக்குத்தான் மறுபடி ஏறும். என் பள்ளி பகல் ஒரு மணிக்கே முடிந்துவிடும் என்பதால், நடுவில் கடையிலிருந்த டி.வி. எனக்குச் சொந்தம்.

ஐந்து மணிக்கு ஒரு கார்ட்டூன் வரும். ஏதோ ஒரு குளிர்தேசத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், சூப்புக் கடை நடத்தும் ஒரு குடும்பம். அந்த அப்பாவுக்குக் கத்தரிக்காய் மூக்கு. அம்மா நெட்டையாக இருப்பாள். நிம்மி என்று பத்து வயதுப் பெண் ஒருத்தி, வாய் ஓயாதவள். எல்லோரும் தமிழில்தான் பேசுவார்கள். குளிர்தேசத்துக்காரர்களுக்கு எப்படித் தமிழ் தெரியும் என்று நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் அது எனக்கு வந்ததே இல்லை.

முதலில் பள்ளிக்கூடத்தில்தான் கிளப்பினார்கள். நிம்மி அப்படியே உன்னை மாதிரியே பேசுகிறாள் என்றார்கள். நான் நம்பவில்லை. ஆனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரிடமாவது ஏதாவது குடைந்து கேட்டு மாட்டிக்கொண்டால், "சும்மா விசாரிச்சேன்" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். ஒருநாள் நிம்மி, மீன்காரனின் கூடையைக் கிளறிவிட்டு, அதே "சும்மா விசாரிச்சேன்" சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாளிலிருந்து வகுப்பில் என் பெயர் நிம்மி ஆகிவிட்டது.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்து வந்ததுதான் பெரிய அடி.

எங்கள் கடையில் ஒரு ரகசிய வார்த்தை இருந்தது. மதியம் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்து குழம்பு பற்றாமல் போகும்போல் இருந்தால், அப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "மய வர்றா மாரி கீதே" என்று உரக்கச் சொல்வார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் சொல்வார். உள்ளே அம்மா ஒரு சொம்பு வெந்நீரும் கொஞ்சம் புளிக் கரைசலும் எடுத்துக் குழம்பில் ஊற்றுவாள். இது எங்கள் நான்கு பேருக்கு மட்டுமே தெரியும்.

ஒரு திங்கட்கிழமை கார்ட்டூனில் வெயில் அடித்தது. சூப்புக் கடையில் கூட்டம். கத்தரிக்காய் மூக்கு அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மழ வர்ற மாதிரி இருக்கே" என்றார். நெட்டை அம்மா சூப்புப் பானையில் தண்ணீரைச் சாய்த்தாள். 'மய' 'மழ' ஆகி, 'கீதே' 'இருக்கே' ஆகியிருந்தது, அவ்வளவுதான். திருட்டு சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிப்பார்களே, அந்த மாதிரி.

அந்த வாரமே வாடிக்கைக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே கார்ட்டூனைத்தானே பார்க்கிறார்கள். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வருகிறவர் ஒருவர் உட்காரும்போதே கேட்டார்: "இன்னா நைனா, இன்னிக்கு மய கொயம்பா, வெயில் கொயம்பா?"

ஆறு மேஜையும் சிரித்தன. அப்பா சிரிக்கவில்லை. ஷட்டர் இறங்கியதும் நேராகச் சித்தப்பாவிடம் போனார்.

"ஊட்டு சமாச்சாரத்த ஊரு பூரா ஒப்பிச்சிக்கினு திரியறவன் நீ ஒருத்தன்தாண்டா."

"நா இன்னாத்துக்கு நைனா டி.வி.க்காரன்கிட்ட போயி சொல்லப் போறேன்? அவன் எங்க கீறான்னே எனக்குத் தெரியாது!"

"உன் வாய்க்கு அட்ரெஸ்லாம் தேவையில்ல. இந்த மாசம் முடியட்டும். நீ வேற எடம் பாத்துக்க."

சித்தப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தார். அவர் ஒன்றும் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பயமாக இருந்தது. சித்தப்பா போய்விட்டால் கடையில் நான் பேசுவதற்கு யாருமில்லை. அவர் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டும், அல்லது செய்திருந்தால் அதையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பாசம் வேறு, வழக்கு வேறு.

எனக்கு இன்னொருவர் மேல்தான் முழுச் சந்தேகமும். தினமும் இரண்டரை மணிக்கு கண்ணாடி போட்ட ஒரு அக்கா தனியாக வந்து மூலை மேஜையில் உட்காருவாள். வஞ்சிரம் வறுவலை வைத்தால்கூட அதைப் பார்க்க மாட்டாள். மடித்து வைத்த காகிதங்களைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுப்பாள். இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எதையோ எண்ணுவாள். பிறகு பேனாவால் ஒரு வார்த்தையை அடித்துவிட்டு வேறொன்று எழுதுவாள், மறுபடி எண்ணுவாள். சாப்பாட்டுக் கடையில் சாப்பாட்டைப் பார்க்காத ஆளை எப்படி நம்புவது?

அம்மாவை நான் சந்தேகிக்கவே இல்லை. இத்தனைக்கும் அம்மா யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவாள். அத்தை போன் செய்தால் அப்பா குரலில் பேசி ஏமாற்றுவாள். நான் பேசுவதுபோலக்கூட அவள் பேசிக் காட்டியிருக்கிறாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் அது என் குரலாகவே தோன்றாது. போதாததற்கு, செவ்வாயும் வெள்ளியும் மூன்றே முக்காலுக்கு அவள் புடவை மாற்றிக்கொண்டு தி.நகருக்குத் தையல் கிளாஸ் போனாள். ஐந்து மாதமாகப் போனவள் ஒரு தலையணை உறைகூடத் தைக்கவில்லை. டி.வி.யில் நிம்மி பேசும்போதெல்லாம் சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். இன்று ஒரு காகிதத்தில் இத்தனை ஓட்டை இருந்தால் படித்த நிமிஷமே சிவப்பு மையில் சுழித்துவிடுவேன். அன்று ஒன்றும் கண்ணில் படவில்லை.

என் திட்டம் இதுதான். ஒவ்வொருவரிடமும் ஒரு பொய் சொல்வது. எந்தப் பொய் கார்ட்டூனில் வருகிறதோ, அதைக் கேட்டவர்தான் குற்றவாளி. சித்தப்பாவிடம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பூனைக்குட்டி வளர்க்கிறேன் என்றேன். கண்ணாடி அக்காவிடம், நண்டின் கண்ணைப் பார்த்தால் எனக்கு ஜுரம் வந்துவிடும் என்றேன். அவள் காகிதத்திலிருந்து தலை தூக்கி, "அப்படியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு மறுபடி விரலை மடக்கத் தொடங்கினாள்.

அம்மாவிடமும் ஒன்று சொன்னேன். நியாயமான விசாரணை என்றால் யாரையும் விடக் கூடாது என்பதற்காக மட்டும். அவள் சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

"நான் பெரியவளானதும் இந்தக் கடைய வித்துட்டு ஒரு கப்பல் வாங்கப் போறேன்."

அம்மாவின் கை நின்றது. "கப்பலா? என்னியும் இட்டுகினு போவியா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "எடம் இருந்தா பாக்கலாம்" என்றேன். அம்மா கையில் செதில் ஒட்டியிருக்க, மணிக்கட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்தும் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் மூன்று வாரம் ஒரு நாள் விடாமல் டி.வி. முன்னால் காவல் இருந்தேன். பூனைக்குட்டி வரவில்லை, நண்டு வரவில்லை. சித்தப்பா சைதாப்பேட்டையில் ஒரு பிரியாணிக் கடையில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். மாசம் முடிய நான்கு நாள் இருந்தபோது, கார்ட்டூனில் நிம்மியை அவள் அப்பா பாத்திரம் கழுவச் சொல்லித் திட்டினார். நிம்மி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் பெரியவளானதும் இந்தக் கடைய வித்துட்டு ஒரு கப்பல் வாங்கப் போறேன். எடம் இருந்தா உங்களக் கூட்டிட்டுப் போறதப் பத்திப் பாக்கலாம்."

நான் நாற்காலி மேலேயே ஏறிவிட்டேன். "அம்மாதான்! அம்மாதான் சொல்லிக் குடுத்திருக்கு! இத நான் அம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன்!"

அப்பா வெங்காய மூட்டையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார். சித்தப்பா வந்தார். நான் பூனை, நண்டு, கப்பல் எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். அம்மா சமையலறை வாசலில் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"இன்னாடி சொல்லுது பாப்பா?" என்றார் அப்பா.

அம்மா முந்தானையில் கை துடைத்தாள். வாயைத் திறந்தாள். "சும்மா விசாரிச்சேன்" என்று என் குரல் கேட்டது. அப்பாவும் சித்தப்பாவும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. வேறு பாஷைக் கார்ட்டூனுக்குத் தமிழ்ப் பேச்சு எழுதுவது கண்ணாடி அக்காவின் வேலை. பொம்மையின் வாய் எத்தனை தடவை அசைகிறதோ அதற்குச் சரியாக வார்த்தை வேண்டும் என்பதால்தான் விரல் மடக்கல். ஒருநாள் பணம் கொடுக்க எழுந்தவள், உள்ளே அம்மா என்னைப்போலப் பேசிக் காட்டியதைக் கேட்டிருக்கிறாள். நிம்மிக்குக் குரல் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. தையல் கிளாஸ் என்று அம்மா போனதெல்லாம் தி.நகரில் குரல் பதிகிற இடத்துக்கு.

"மய மேட்டரு தப்புதான்," என்றாள் அம்மா. "அந்த எடத்துல வாய் அசவுக்கு ஒண்ணும் சேரல. எனக்கு அதுதான் வாயில வந்துட்ச்சி. அல்லாரும் சிரிச்சாங்க, வச்சிக்கினாங்க." பிறகு, "நா அங்க நல்லாப் பேசறேன்னு சொல்றாங்க" என்றாள். அதை அவள் அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா கத்துகிற மனிதர் இல்லை. மீசையைத் தடவிக்கொண்டார். சித்தப்பாவிடம், "நீ எங்கியும் போவ வேணாம்" என்றார். அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, அது உன் கொரலு. உன்ன மாரி பேசறதுக்குத்தான் உங்கம்மா போவுது. நீயே சொல்லு. போவட்டுமா, வேணாவா?"

"சின்னப் புள்ளகிட்ட போய் கேக்கிறியே நைனா" என்றார் சித்தப்பா மெதுவாக. அவர் சொன்னது எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பெரிய விஷயத்தில் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள், அதைப் போய்த் தடுக்கிறாரே.

அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். நான் வகுப்பில் நிம்மி, நிம்மி என்று கத்துகிறவர்களை நினைத்துக்கொண்டேன். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டுத் தண்டிக்காமல் விட்டால் விசாரணைக்கு என்ன அர்த்தம் என்றும் நினைத்தேன்.

"வேணாம்," என்றேன். "என்ன மாதிரி யாரும் பேச வேணாம்."

"சரி" என்றாள் அம்மா. அப்பாவுக்கு நிம்மதி. அது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் சொல்ல நினைத்ததை நான் சொல்லிவிட்டேன் என்பதோ, அதற்காகத்தான் என்னைக் கேட்டார் என்பதோ எனக்கு அன்று தெரியாது.

ஏற்கெனவே பதிந்து வைத்தது தீரும்வரை நிம்மி பழைய குரலில் பேசினாள். கண்ணாடி அக்கா சில நாள் வந்து பேசாமல் சாப்பிட்டுப் போனாள், அப்புறம் வரவில்லை. மழைக் குழம்பு விஷயம் அப்பா பயந்ததுபோலக் கடையைக் கவிழ்க்கவில்லை. அந்த வேடிக்கைக்காகவே புதிதாகச் சிலர் சாப்பிட வந்தார்கள், அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பழகிவிட்டார். பிறகு ஒருநாள் நிம்மியின் குரல் மாறியது. யாரோ ஒரு பெண், சுத்தமாக, பாடப் புத்தகம் வாசிப்பதுபோலப் பேசினாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, ஓடியா, வேற ஆளு வந்தாச்சு!"

அம்மா கரண்டியோடு வந்து நின்று முழுசாக ஒரு காட்சி கேட்டாள். "நல்லாத்தான் பேசுது பொண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன்பின் அவள் யார் குரலிலும் பேசிக் காட்டவில்லை. அத்தை போன் செய்தால் தன் சொந்தக் குரலிலேயே ஹலோ சொன்னாள். அப்பாடா, எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்து கடையில் இருந்தேன். மூன்றே முக்காலுக்குத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அம்மா வெளியே போகிற நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலை வாரிப் பூ வைத்து, கவிழ்த்த மீன் கூடை மேல் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலையிலேயே உரித்த பூண்டு ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. பாவம், தி.நகருக்கு ஓட வேண்டியதில்லை, இப்போதுதான் அம்மாவுக்கு நல்ல ஓய்வு கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு டி.வி. பார்க்கப் போனேன்.