வர விருப்பமில்லை என்று பதில் வந்தது

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு, அரசின் செயல்களை உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், அமைச்சர்கள் பதில் சொல்வார்கள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் என்னதான் நடக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கும்படி வந்தது என் தம்பியால்.

தம்பி எலக்ட்ரீசியன். சங்கரன்கோவிலில் தறி மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுக்குப் போனான். போன இடத்தில் ஏஜென்ட் சொன்ன வேலையும் இல்லை, சொன்ன கம்பெனியும் இல்லை. எப்படியோ வேறொரு கம்பெனியில் ஒட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் ஒரு தடவைக்கு நாலு தடவை கேட்டுத்தான் நம்புவான்.

அந்த நாட்டில் திடீரென்று உள்நாட்டுச் சண்டை மூண்டது. விமான நிலையத்தை மூடினார்கள். இரண்டொரு நாளில் இணையத்தையும் நிறுத்திவிட்டார்கள். தம்பியின் வாட்ஸ்அப் அத்தோடு நின்றது. அங்கே உள்ளூருக்குள் மட்டும் போன் பேச முடிகிறது என்று செய்தியில் சொன்னார்கள். நானும் தம்பி மனைவியும் தூதரகத்தின் உதவி எண்ணுக்கு மாறி மாறி அடித்து, அவன் பெயர், பாஸ்போர்ட் எண், அங்குள்ள கைபேசி எண் எல்லாவற்றையும் பதிந்தோம்.

பிறகு கப்பலிலும் விமானத்திலும் ஆட்களை அழைத்து வந்தார்கள். டிவியில் ஒவ்வொரு தடவை காட்டும்போதும், வரிசையில் வருகிற முகங்களில் அவன் முகத்தைத் தேடுவோம். மாலை போடுகிறவர்களும் செல்பி எடுக்கிறவர்களும் நடுவில் வந்து மறைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி விமானமும் வந்துவிட்டது, மீட்புப் பணி முடிந்தது என்று அறிவித்தார்கள். தம்பி வரவில்லை.

எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அவர் மக்களவையில் எழுத்து மூலமாக ஒரு கேள்வி கேட்டார். நம் தொகுதிக்காரர்கள் யாராவது அங்கே இன்னும் இருக்கிறார்களா, இருந்தால் ஏன் அழைத்து வரவில்லை என்பது கேள்வி. பதில் வந்ததும் எம்.பி.யின் உதவியாளர் அதை என் போனுக்கு அனுப்பினார். இடைவேளையில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்தேன். வர விரும்பிய அனைவரும் அழைத்து வரப்பட்டனர். எஞ்சியிருப்போரை அதிகாரிகள் தொடர்பு கொண்டபோது, தாயகம் திரும்ப விருப்பமில்லை என்று அவர்களே தெரிவித்தனர். இவ்வளவுதான். சுத்தமான ஆங்கிலம். பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூட இல்லாத வாக்கியம்.

சாயங்காலம் தம்பி மனைவியிடம் தமிழில் சொன்னேன். அவள் வீட்டை ஒட்டிய தறிக்கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"பொய் சொல்லுதாவ மைனி" என்றாள்.

"நாடாளுமன்றத்துல பொய் சொல்ல மாட்டாங்கட்டி. சொன்னா அது உரிமை மீறல்."

"அப்ப அவுக வரமாட்டேன்னு சொன்னாவங்கீங்களா?"

அரசாங்கம் கைகழுவப் பார்க்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். படுத்த பிறகு வேறு மாதிரி யோசனை ஓடியது. ஒருவேளை அவன் நிஜமாகவே சொல்லியிருந்தால்? செய்தி எப்படியோ தெருவுக்கும் போய்விட்டது. அங்கன வேற குடும்பம் வச்சிருப்பானோ என்று ஒருத்தி என் காதுபடவே பேசினாள். அவளைத் திட்டிவிட்டு வந்த நானே, மறுநாள் தம்பி மனைவியிடம் கேட்டேன்: "ஏட்டி, உங்களுக்குள்ள எதும் சண்டையா? என்கிட்ட மறைக்காத."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களுமா மைனி?"

அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "எம்.பி. ஆபீசுக்குப் போகணும். இங்கிலீசுல எதும் காட்டுனா எனக்கு வாசிக்கத் தெரியாது. வாரீங்களா?" என்றாள்.

போனோம். எம்.பி. டெல்லியில் இருந்தார். உதவியாளர்தான் இருந்தார். நாற்பது வயசு இருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். எங்களுக்கு டீ சொல்லிவிட்டு, ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கக் கூடாது. வீட்டுல எதும் பிரச்சினை உண்டா? எதுக்குக் கேக்கேன்னா, நாங்க இன்னொரு தடவ சபையில கேட்டு, அந்தாளு வந்து நான்தான் வரலன்னு சொன்னேன்னுட்டா, எம்.பி. அண்ணாச்சிக்குத் தலைகுனிவு ஆயிரும்."

இவரும் எங்களைத்தான் சந்தேகப்படுகிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தம்பி மனைவி கோபப்படவில்லை.

"அவுக வரலன்னே சொன்னதா இருக்கட்டும் சார். யாருகிட்ட சொன்னாவ? நேர்ல போயி கேட்டாவளா, போன்ல கேட்டாவளா? கேட்டது தூதரகத்து ஆளுதான்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக்காரரு கரண்டு ஆபீசுல இருந்து ஆள் வந்தாலே அடையாள அட்டையக் காட்டச் சொல்லுவாரு."

உதவியாளர் பேனா மூடியைத் திருகுவதை நிறுத்தினார். "மறுபடி சொல்லுங்கம்மா" என்றார். அவள் சொன்னதைக் கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டார்.

மீட்புப் பணி பற்றி வேறொரு மாநிலத்து உறுப்பினரின் கேள்வி அடுத்த வாரம் கேள்வி நேரத்தில் வருகிறது என்றும், அதில் எங்கள் எம்.பி. துணைக் கேள்வி கேட்க முயற்சி செய்வார் என்றும் சொல்லி அனுப்பினார். முயற்சி என்றுதான் சொன்னார். கேள்வி வரிசையில் கீழே இருந்தது. மேலே இருப்பவற்றில் நாலைந்துக்கு மேல் போகாமலே நேரம் முடிந்துவிடுவது வழக்கமாம்.

அன்றைக்கு அரைநாள் லீவு போட்டேன். தறியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஆரம்பித்ததுமே ஒரு பக்கத்து உறுப்பினர்கள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து கத்தினார்கள். சபையை ஒத்திவைத்துவிடுவார்களோ என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

"வேணும்னே செய்யுதாவளோ மைனி? நம்ம கேள்வி வந்துரக் கூடாதுன்னு?"

"நம்ம கேள்வி இருக்கதே அவங்களுக்குத் தெரியாதுட்டி."

சொன்னேனே தவிர, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்லவேளையாகச் சத்தம் அடங்கியது. உரம், ரயில் பாதை என்று ஒவ்வொன்றாகப் போய், நேரம் முடியப் போகும் சமயத்தில் எங்கள் கேள்வி வந்தது. அமைச்சர் எழுந்து, எழுத்தில் வந்த அதே பதிலை மாற்றாமல் வாசித்தார். எத்தனை கடினமான சூழலில் எவ்வளவு வேகமாக ஆட்களை மீட்டோம் என்றார். மேசைகளைத் தட்டினார்கள். எங்கள் எம்.பி. கையைத் தூக்கிக்கொண்டே நின்றார். கடைசியில் அவரைக் கூப்பிட்டார்கள்.

அவர் தமிழில் கேட்டார். "வர விருப்பமில்லை என்று சொன்னதாகச் சொல்கிறீர்களே, அவர்களை அதிகாரிகள் நேரில் பார்த்தார்களா, தொலைபேசியில் கேட்டார்களா? கேட்டது தூதரகம்தான் என்பதை அவர்கள் நம்புவதற்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்? என் தொகுதியில் ஒரு பெண், தன் கணவர் அப்படிச் சொன்னதை அவர் வாயால் கேட்கக் காத்திருக்கிறார்."

தம்பி மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அமைச்சர் காதிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவியைச் சரிசெய்தார். பின்னாலிருந்து ஒரு சீட்டு வந்தது. அதைப் பார்த்துவிட்டு, சண்டை நடந்த பகுதிகளில் பெரும்பாலும் தொலைபேசியில்தான் தொடர்பு கொள்ள முடிந்தது, உறுப்பினர் குறிப்பிட்ட நபரை அதிகாரி நேரில் சந்திக்க ஏற்பாடு செய்கிறேன், குடும்பத்தோடும் பேசவைக்கிறேன் என்றார். அடுத்த கேள்வி என்று சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"சபையில சொல்லிட்டா செஞ்சுதானட்டி ஆகணும்" என்றேன்.

"எழுதிக் குடுத்தத வாசிக்காவ" என்று எழுந்துபோய்த் தறியைப் போட்டாள்.

பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அவள் சொன்னதுதான் சரி என்று நானும் முடிவுக்கு வந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் போனில் முன்பின் தெரியாத நீளமான எண் ஒன்று வந்தது. மலையாளம் கலந்த தமிழில் ஒருவர், தான் தூதரகத்து அதிகாரி என்றும், தம்பி தங்கியிருக்கும் கம்பெனி முகாமில் அவன் எதிரிலேயே நின்று சாட்டிலைட் போனில் பேசுவதாகவும் சொன்னார்.

"உங்க ஹஸ்பெண்ட் என்னை நம்ப மாட்டேங்கிறார். ஐடி காட்டினேன், அதையும் யார் வேணாலும் அடிக்கலாம்னு சொல்றார். நீங்க பேசுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டோம். இரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல் வந்தது. எத்தனை நாள் கழித்துக் கேட்கிற குரல். ஆனால் அவன் கேட்டது நலமா என்று இல்லை.

"ஏட்டி, நம்ம வீட்டு மோட்டார் சுவிட்சு எப்படி இருக்கு?"

அவள் திகைத்துப் போனாள். "என்னங்க கேக்கீங்க?"

"சொல்லு. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல குரலையே செஞ்சு விட்டுருதானுவ."

"தலகீழாத்தான் மாட்டி வச்சிருக்கீங்க. மேல தட்டுனா ஓடும், கீழ தட்டுனா நிக்கும். எத்தன தடவ சொன்னேன் மாத்துங்கன்னு" என்றவள், அழுகையை அடக்கிக்கொண்டு, "சரி, நீங்க சொல்லுங்க. எனக்கு எந்தக் காதுல தையல் போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"இடது காது" என்றான் அவன். நான் குறுக்கே புகுந்து, கிளம்பி வாலே என்று கத்தினேன்.

வேறொரு நாட்டு எல்லை வழியாக அவனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மதுரையில் இறங்கினான். மெலிந்து, தாடியோடு இருந்தான். காரில் வரும்போது நடந்ததைச் சொன்னான். முகாமில் தூதரகம் என்று சொல்லிக்கொண்டு நிறையப் பேர் போன் செய்தார்களாம். பஸ் அனுப்புகிறோம், பாஸ்போர்ட்டோடு இந்த இடத்துக்கு வா என்பார்களாம். போன ஒருத்தன் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துவிட்டு நடந்தே திரும்பி வந்தானாம். அதனால், நிஜமான அழைப்பு வந்தபோதும் தம்பி நம்பவில்லை.

"ஊருக்குப் போக விருப்பமான்னு இந்தியில கேட்டான். விருப்பமில்ல, இனிமே கூப்பிடாதன்னு வச்சிட்டேன்."

"அப்ப நீதான் சொல்லியிருக்க" என்றேன்.

"நான்தான் சொன்னேன்."

தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அமைச்சர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலோடு விட்டிருந்தால் இவன் அங்கேயே கிடந்திருப்பான்.

எம்.பி. ஊருக்கு வந்தபோது ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தம்பியை மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். நன்றியாக இரண்டு வார்த்தை பேசு என்று மைக்கைக் கொடுத்தார்கள். அவன் மைக்கை வாங்கி, "நன்றி. அங்க என்ன மாதிரியே பயந்துகிட்டு வரலன்னு சொன்னவங்க இன்னும் இருக்காங்க. அவங்களையும் நேர்ல போயிக் கேக்கச் சொல்லுங்க" என்றான். கை தட்டத் தயாராக இருந்தவர்கள் தட்டுவதா வேண்டாமா என்று பார்த்தார்கள். எம்.பி.யின் முகம் ஒரு நிமிஷம் சுண்டியது. ஆனால் அந்த உதவியாளர் மேடைக்குப் பின்னால் அவனை உட்காரவைத்து, அவனுக்குத் தெரிந்தவர்களின் பெயரையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த கூட்டத்தொடரில் எம்.பி. மறுபடியும் கேட்டார். அதிகாரிகள் நேரில் போனார்கள். சிலர் வந்தார்கள்.

வராதவர்களில் ஒருவன் இளையரசனேந்தல் பக்கம். அவன் தம்பியோடு ஒரே அறையில் இருந்தவன். அதிகாரி நேரில் போய்க் கேட்டபோதும், அவன் வரவில்லை என்றே சொல்லிவிட்டான். சண்டை ஓயட்டும், இங்கேயே இருந்து பிழைத்துக்கொள்கிறேன் என்று தம்பியிடமும் போனில் சொன்னான். அதற்குள் இணையம் திரும்பியிருந்தது. முகத்தைப் பார்த்தே பேசினார்கள்.

அவனுடைய அம்மா தம்பியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நானும் கூடப் போனேன். மானாவாரிக் காடு, போனுக்கு டவர்கூடக் கிடையாது, மழை இல்லாமல் பருத்தி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டிருந்தது. அந்த அம்மா ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து எங்கள் முன்னால் உட்கார்ந்தார்.

"எம்புள்ள வரமாட்டேன்னுட்டானாமே. நெசந்தானா?"

"நெசந்தான்மா. நானே அவன்கிட்ட பேசிட்டேன். அவனா யோசிச்சுத்தான் சொல்லுதான். யாரும் மெரட்டல, ஏமாத்தல" என்றான் தம்பி.

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் சட்டையை, கைக்கடிகாரத்தை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை.

"ஒன்னய மட்டும் கூட்டியாந்துட்டாவ. எம்புள்ளைய விட்டுட்டாவ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இப்படிச் சொல்லிட்டு வான்னு ஒன்னய யாருய்யா அனுப்புனா?"

"யாரும் அனுப்பலம்மா" என்றான் தம்பி. அந்த அம்மா எழுந்துபோய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாங்கள் குடித்து முடிக்கும் வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.