ஹைஃபனுக்கு ஒரு மிதி

நோரீன் ஹேய் பதினைந்து வயதில் அச்சகத்துக்குள் நுழைந்தவள். நாற்பத்து மூன்று வயதிலும் அதே அறை, அதே ஜன்னல், வெளியே ஹாலிஃபாக்ஸ் என்ற வட இங்கிலாந்து ஊரின் அதே மழை. வேலை காப்பி ஹோல்டர். வாடிக்கையாளர் அனுப்பிய மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உரக்கப் படிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் ப்ரூஃப் ரீடர் அச்சுக் கோத்த தாளில் அதைச் சரிபார்ப்பார். வெறும் சொற்களைப் படித்துவிட்டு எழுந்து போக முடியாது. கமா, புள்ளி, இரண்டு சொற்களை இணைக்கும் குட்டிக் கோடான ஹைஃபன் எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. கல்யாணமான புதிதில் கணவன் ராய்க்கு வந்த கடிதத்தை அவள் "அன்புள்ள ராய் கமா" என்று ஆரம்பித்துப் படிக்க, அவன் சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். அவன் இறந்து ஒன்பது வருடமாகிறது.

அந்த அச்சகத்துக்குச் சோறு போட்டது சுற்றுலாக் கம்பெனிகளின் கையேடுகள்தான். ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கத் தீவுகள் என்று நாள் முழுவதும் படிப்பாளே தவிர, போய்ப் பார்க்கும் ஆசை அவளுக்கு வந்ததேயில்லை. "போனவங்கள்ல பாதிப் பேரு வயித்தப் புடிச்சுக்கிட்டுத்தான் திரும்பி வராங்க" என்பாள். பயணத்தைப் பற்றி இங்கிலீஷில் எழுதுகிறவர்களுக்கோ ஹைஃபன் இல்லாமல் ஒரு வரி ஓடாது. ஓட்டலில் போய் நீங்கள் 'செக் இன்' செய்தால் கோடு கிடையாது. அதற்கான 'செக்-இன்' நேரத்துக்கு மட்டும் கோடு வேண்டும். அற்ப விஷயம் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான்கு கட்டில் போட்ட அறைகள் இருபது, 'ட்வென்டி ஃபோர்-பெட் ரூம்ஸ்' என்று வந்திருக்க வேண்டியது, ஒரு கோடு இடம் மாறியதால் 'ட்வென்டி-ஃபோர் பெட்ரூம்ஸ்', அதாவது இருபத்துநான்கு படுக்கையறைகள் என்று அச்சாகி, தேனிலவுக்குப் போன ஜோடிகளெல்லாம் மிச்சமிருந்த கட்டில்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதை உண்டு. அன்றிலிருந்து சாண்ட்பைப்பர் ஹாலிடேஸ் கம்பெனி ஒரு ஹைஃபன் தவறினாலும் கட்டோடு திருப்பி அனுப்பிவிடும்.

எதிரே உட்கார்ந்திருந்த ப்ரூஃப் ரீடர் கிளிஃபர்ட் சக்டன். முப்பது வருடம் ஈய எழுத்து வார்க்கும் இயந்திரங்களின் நடுவே நின்று, பிறகு இந்த அறைக்கு வந்தவர். இயந்திரங்கள் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தன. அதை முதலில் கண்டுபிடித்தது நோரீன்தான். ஹைஃபனை அவர்கள் முழுப்பெயர் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை, 'ஹை' என்று ஒரு மூச்சு. அந்த மூச்சு மட்டும் அவரிடம் போய்ச் சேரவில்லை.

தேநீர் வேளையில் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டாள். "எத்தன நாளா மிஸ்டர் சக்டன்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு வருஷம் இருக்கும். பேச்சு அரைகுறையா கேக்குது. இந்தச் சின்னச் சின்ன ஹைதான் எங்க போகுதுன்னே தெரியல."

"வீட்ல தெரியுமா?"

"ஹில்டாவுக்கா? நல்லாருக்கு. அவ வயித்துல ஒரு விஷயம் தங்குமா? ஞாயித்துக்கிழம சர்ச்சுல முதப் பாட்டு முடியறதுக்குள்ள மேனேஜர் சம்சாரத்துக்குப் போயிடும். இன்னும் ரெண்டு வருஷம்தான் நோரீன். அதுவரைக்கும் ஓட்டிட்டேன்னா முழு பென்ஷன். இப்பவே தெரிஞ்சா பார்சல் கட்ட அனுப்பிடுவாங்க, பென்ஷனும் பாதியாப் போயிடும்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தட்டிக் காட்டுறேன், போதுமா?"

இருவருக்கும் நடுவே ஒரே ஓக் மர மேஜை. ஹைஃபன் வரும்போதெல்லாம் அவள் பென்சிலால் அதை ஒரு தட்டு தட்டுவாள், மேஜைமேல் வைத்த அவர் உள்ளங்கையில் அந்த அதிர்வு தெரியும். ஆறு மாதம் ஒரு கோடு தவறவில்லை. அப்புறம் லம்ப் என்று புது மேனேஜர் வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? பழைய மேஜைகளைத் தூக்கிப்போட்டுவிட்டு ஆளுக்கொரு இரும்பு மேஜை, நடுவே ஒரு முழம் இடைவெளி. முதல் நாளே கிளிஃபர்ட் மூன்று கோடுகளைத் தவறவிட்டு லம்பிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாள் காலை நோரீன் செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜைக்கு அடியில் காலை நீட்டி, ஹைஃபன் வந்த இடத்தில் அவர் பூட்ஸை ஒரு மிதி மிதித்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து கோட்டைப் போட்டார்.

மூன்றாம் வாரம் பெர்சி கிரௌதர் என்ற அச்சுக் கோப்பவன் ப்ரூஃப் கட்டைக் கீழே போட்டான். பொறுக்கக் குனிந்தவன் கண்ணில் அந்தக் கால் பட்டது. சாயங்காலத்துக்குள் அச்சகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கேன்டீனில் அவன் குரல் எட்டு மேஜை தாண்டிக் கேட்டது. "என்ன நோரீன், காலு குளிருதா? சக்டன் பூட்ஸ் பெருசுதான், உன் காலையும் உள்ள விட்டுக்கோ." பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வார்த்தை சொன்னால் பெர்சியின் வாயை அடைத்துவிடலாம், ஆனால் அந்த ஒரு வார்த்தை கிளிஃபர்டின் பென்ஷனையும் அடைத்துவிடும். வாய்வரை வந்ததை அவள் ரொட்டியோடு சேர்த்து விழுங்கினாள்.

இதில் அநியாயம் என்னவென்றால், ஊரே பேசிய பேச்சு கிளிஃபர்டுக்கு மட்டும் கேட்கவில்லை. மனிதர் சிரித்த முகமாக வந்து உட்கார்ந்து, "என்ன உடம்பு சரியில்லையா, வாட்டமா இருக்க?" என்று கேட்டார். அவர் காலை நிஜமாகவே ஒரு மிதி மிதிக்கலாமா என்றிருந்தது அவளுக்கு.

ஒரு சனிக்கிழமை காலை நோரீன் மண்டிபோட்டு வாசற்படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு கறுப்பு ஷூக்கள் வந்து நின்றன. நிமிர்ந்தால் ஹில்டா சக்டன். சர்ச்சுக்குப் போகும் தொப்பி தலையில்.

"எந்திரிம்மா. மண்டி போட்டிருக்கறவகிட்ட சண்ட போட்டு எனக்குப் பழக்கமில்ல."

உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை, தேநீரும் வேண்டாமென்றாள். "எத்தன நாளா நடக்குது இது? உண்மையச் சொல்லிடு, நான் பாட்டுக்குப் போயிடறேன்."

நோரீன் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"சொல்ல மாட்ட. எனக்கே தெரியும். எங்கம்மா போன அன்னிக்குத் தந்தி வந்துச்சு. மாடிப்படியில உக்காந்துக்கிட்டுக் கூப்பிட்டேன் அவர. மூணு தடவ கூப்பிட்டேன். சமையக்கட்டுல பேப்பர் பாத்துக்கிட்டிருந்தாரு, முதுகு தெரியுது எனக்கு. திரும்பல. நாப்பது வருஷம் சேந்து இருந்த மனுஷன், நான் அழறேன், திரும்பிக்கூடப் பாக்கல. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு, எம்மேல ஒண்ணுமில்லன்னு. யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு."

கொடுத்த வாக்கு, பென்ஷன், ஹில்டாவின் வாய், எல்லாம் நோரீனின் நினைவில் வந்தன. ஆனால் இப்படி ஒருத்தியை நிற்க வைத்துக்கொண்டு எந்த வாக்கைக் காப்பாற்றுவது?

"அவருக்குக் கேக்கல, மிசஸ் சக்டன்."

"என்னது?"

"காது போயிடுச்சு. நீங்க கூப்பிட்டது அவருக்குக் கேட்டே இருக்காது." மேஜை, பென்சில், பூட்ஸ், பென்ஷன் எல்லாவற்றையும் சொன்னாள். ஹில்டா மெதுவாக உட்கார்ந்தாள். தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்தது, சரிசெய்யவில்லை.

"அன்னிக்குக் கேக்கலையா அவருக்கு?" என்றாள் மறுபடியும். அப்புறம் அழுதாள். இரண்டு வருட அழுகை அது, சத்தமாகவே அழுதாள். முடித்துவிட்டு, "தேநீர் போடறேன்னியே" என்றாள்.

வாசலில் நோரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் பதினஞ்சு மாசம். யார்கிட்டயும்..."

"நான் சொல்லாம இருந்ததா சரித்திரமே கெடையாது. பாப்போம். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரிய வேணாம். அவமானமா நெனப்பாரு."

ஹில்டா சொல்லவில்லை. சர்ச்சில் பெண்கள் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருத்தி இரக்கப்பட்டு இஞ்சிக் கேக் செய்து கொண்டுவந்தாள். சொந்தத் தங்கச்சியே, "ரோஷம் இருந்தா அந்த ஆள விட்டுட்டு என் வீட்டுக்கு வா" என்றாள். ஹில்டா கேக்கைத் தின்றாள், தங்கச்சிக்கு இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தாள், வாயை மூடிக்கொண்டிருந்தாள். வீட்டில் மட்டும் கணவருக்கு நேரெதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். பெண்டாட்டிக்கு வயதாக ஆகப் பொறுமை வருகிறது என்று கிளிஃபர்ட் நோரீனிடம் பெருமையாகச் சொன்னார்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் காகிதங்களில் கையெழுத்தானது, முழு பென்ஷன். சங்கு ஊதி எல்லோரும் வெளியே வந்தபோது கேட்டருகே அந்தத் தொப்பியோடு ஹில்டா நின்றிருந்தாள். வந்த கணவரின் கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பெர்சி, எங்க ஓடற? இங்க வா. எல்லாரும் நில்லுங்க. என் வீட்டுக்காரருக்குக் காது கேக்காது. மூணு வருஷமாக் கேக்காது. இந்த நோரீன் காலால மிதிச்சதெல்லாம் ஹைஃபன். உங்க ஹாலிடே புஸ்தகத்துல இருக்கற ஹைஃபன். வேற ஒரு மண்ணும் கெடையாது. நீங்க பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டு ஒரு வார்த்த சொல்லாம இவருக்குப் பென்ஷன் வாங்கிக் குடுத்திருக்கா. அவ முன்னாடி வந்து நில்லு பெர்சி. தொப்பியக் கழட்டு."

பெர்சி கழற்றினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். நோரீனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, அழுகையை அடக்கவும் முடியவில்லை.

இத்தனை பேர் தொப்பியைக் கழற்றுவதைப் பார்த்த கிளிஃபர்ட் தன்னுடையதையும் கழற்றி, எல்லாப் பக்கமும் தலை வணங்கினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க" என்றார். பிறகு மனைவி பக்கம் குனிந்து, "நல்லாப் பேசின ஹில்டா" என்றார்.