வளவைப் பழித்த வாய்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். அக்காவுக்கென்று இருந்த வீடு, அவளைச் சுவிசுக்கு அனுப்புகிற செலவுக்கே விற்றுப் போயிற்று. அன்றிலிருந்து ஊரில் தன் பெயரில் ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. "ஊருக்கு வந்தா உன்ட பெண்சாதி வீட்டுல விருந்தாளியா நிக்கிறன்டா. வெக்கமாக் கிடக்கு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள்.

கடைசியில் குருக்கள்மடத்தில், வாவிக்கரைப் பக்கமாக, வேலியடைத்த ஒரு வளவும் அதற்குள் ஒரு வீடும் விலைக்கு வந்தன. சொந்தக்காரி ஓய்வுபெற்ற ரீச்சர். பிள்ளைகள் இரண்டும் ஆண்கள், இரண்டு பேரும் பெண்சாதிமார் வீட்டில். கொடுக்க ஒரு மகள் இல்லாததால்தான் விற்கிறார். "பொம்பிள பேரிலதான் எழுதுவன்" என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அக்கா இரட்டைப் பிரசாவுரிமை எடுத்திருந்தபடியால் சட்டத்திலும் தடையில்லை. அவளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட அற்றோணித் தத்துவம் என் பெயருக்கு வந்தது. அந்தக் கடதாசி கைக்கு வந்த நாளிலிருந்து நான் நடந்த நடையை என் மனைவி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

வளவை அக்கா பெயருக்கு மாற்றும் உறுதி எழுதும்போது வாங்குகிறவர் முத்திரை வரி கட்ட வேண்டும், அது வளவின் பெறுமதியைப் பொறுத்தது, பெறுமதி பார்க்க ஒரு உத்தியோகத்தர் நேரில் வருவார் என்றார் நொத்தாரிசு. என் மூளை உடனே வேலை செய்தது. வளவு மோசம் என்றால் பெறுமதி குறையும், வரியும் குறையும், அக்கா என்னைத் தலையில் தூக்கி வைப்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அல்லவா!

உத்தியோகத்தர் அளவு நாடாவோடு வந்து இறங்கியதும் நான் தொடங்கிவிட்டேன்.

"இந்தக் கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி போட்டா உப்புக் கரிக்கும் சேர்." அந்தக் கிணற்றில் நான் ஒரு மிடறு குடித்தவனில்லை. "மாரிக்கு முத்தத்தில தோணி விடலாம். மாமரமா? பழத்த வெட்டினா சதை கொஞ்சம், வண்டுதான் கூட."

அவர் நாடாவைச் சுருட்டினார். "தம்பி, றோட்டு எவ்வளவு தூரம், பக்கத்து வளவு என்ன விலைக்குப் போனது எண்டுதான் நான் பாக்கிறது. மாங்காய் தின்ன வரல்ல."

அசடு வழியத் திரும்பினால், பின்னால் தேத்தண்ணித் தட்டோடு ரீச்சர் நிற்கிறார். ஒரு கோப்பையை உத்தியோகத்தருக்குக் கொடுத்தார். என்னுடையதை மாமரத்தடியில் ஊற்றினார்.

"வண்டு குடிக்கட்டும். என்ட வளவப் பழிச்ச ஆளுக்கு நான் எழுத மாட்டன். நீ போகலாம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அக்காவின் அழைப்பை இரண்டு நாள் எடுக்கவே இல்லை. இருபது வருச ஆசையை அரை மணித்தியாலத்தில் கெடுத்தவன் என்னத்தைச் சொல்வது? உண்மையாகவே பயந்து போனேன்.

கரடியனாற்றுக்குப் போய் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கிக்கொண்டு ரீச்சரின் வேலிக் கடப்படியில் போய் நின்றேன். தயிர் உள்ளே போனது. நான் வெளியே நின்றேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அக்காவுக்கு வீடியோவில் அழைப்பு எடுத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, ஏச்சும் வாங்கி, போனை வேலிக்கு மேலால் நீட்டினேன்.

"ரீச்சர், அவன் ஒரு விசரன். மன்னிச்சிருங்க" என்றாள் அக்கா. "எனக்கு ஊரில ஒரு வீடு இல்ல ரீச்சர்."

ரீச்சர் போனை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"இந்தா பாரு புள்ள, இதுதான் கிணறு. ஆடி ஆவணியில உவர்க்கும், குடிக்க ஏலாது. மறுகா இந்த முத்தம். மாரிக்கு வாவித் தண்ணி இவ்வளவுக்கு ஏறும்" என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "ரீச்சர், இதைத்தானே நானும்..."

"நீ வாயப் பொத்து. நீ ஊரான் ஒருத்தனுக்குச் சொன்னாய். நான் வீட்டுக்காரிக்குச் சொல்றன்."

போனுக்குள் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எங்கட பழைய வளவிலயும் முழங்காலுக்கு ஏறும் ரீச்சர்."

"ஆனா இந்த மாமரத்தில ஒரு வண்டு கிடையாது புள்ள. அது மட்டும் இவன் சொன்ன பச்சப் பொய்."

அடுத்த கிழமை உறுதி எழுதியாயிற்று. உத்தியோகத்தர் போட்ட பெறுமதிக்கே, ஒரு சதம் குறையாமல், வரி கட்டினோம்.

ஆவணி விடுமுறைக்கு அக்கா வந்தாள். பார்க்கப் போனேன். கடப்படிக்கே ஓடி வந்து, "வாடா, வந்து இரு. விருந்தாளிக்குத் தேத்தண்ணி போடுறன்" என்றாள். 'விருந்தாளி' என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தேத்தண்ணி உப்புக் கரித்தது. வாயைத் திறக்காமல் குடித்து முடித்தேன்.